தக்காளியை வீட்டுக்குள் விடுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 24. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறேன். பதினேழு வயதில் கிட்னியில் முதல் கல் வந்தது. இரண்டு வருடம் முன்னால் இன்னொன்று. போன மாதம் மூன்றாவது. லேசர் வைத்து எடுத்தார்கள். இந்த முறைதான் கல்லைச் சோதனைக்கு அனுப்பினார்கள்; ‘சிஸ்டைன் கல்’ என்று வந்தது. 24 மணி நேர யூரினில் சிஸ்டைன் 880 மில்லிகிராம், மொத்த யூரின் 1.6 லிட்டர், பிஎச் 5.5. இது கந்தகம் உள்ள அமினோ அமிலம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் வெங்காயம், பூண்டு, முட்டை எல்லாம் நிறுத்தம். தக்காளி ஏழு வருடமாகவே கிடையாது. தினமும் வாழைத்தண்டு ஜூஸ். ஜிம்முக்குப் போகிறேன், புரோட்டீன் பவுடர் குடிக்கிறேன். அதையும் விட வேண்டுமா? கந்தகத்தை நிறுத்தினால் முடி கொட்டும் என்கிறான் நண்பன். ஒரு மாத்திரை இருக்கிறது, பக்கவிளைவு அதிகம் என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் தாய்மாமன், அக்கா மகள் உறவு. எனக்கு அத்தை மகளைப் பேசுகிறார்கள். அக்கா ஒருவர், தம்பி ஒருவன் இருக்கிறார்கள். இது பரம்பரை நோயா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாகத் தக்காளியை வீட்டுக்குள் விடுங்கள். ஏழு வருடம் ரசமில்லாமல் எப்படிச் சாப்பிட்டீர்களோ தெரியவில்லை. நம் ஊரில் கல் என்றாலே தக்காளி விதை, கீரை, பால் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பலருக்கும் வரும் கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கே பாதிதான் பொருந்தும். உங்கள் கல்லில் ஆக்சலேட் என்ற பேச்சே இல்லை. பெரியவர்களுக்கு வரும் நூறு கல்லில் ஒன்றோ இரண்டோதான் உங்களுடைய வகை. அதனால்தான் முதல் இரண்டு முறையும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வரவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்கிறேன், ஆனால் அதைச் சொல்ல எனக்கே முழு யோக்கியதை கிடையாது. பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நான்கு முறை கல் எடுத்தோம். நான்கு முறையும் கல்லை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினோம். டிஸ்சார்ஜ் சீட்டில் “பால், தயிர் குறைக்கவும்” என்று எழுதியது என் கைதான். ஐந்தாவது முறை அந்தப் பெண் வந்தபோது, லேபில் இருந்த டெக்னீஷியன் அம்மா என்னைக் கூப்பிட்டு, “சார், இதைப் பாருங்க” என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். காலையில் எழுந்ததும் பிடித்த யூரின். அதில் நிறமில்லாத, தட்டையான, ஆறு பக்கமும் அளந்து வெட்டியதுபோன்ற பளிங்குத் துண்டுகள் மிதந்தன. தரைக்குப் பதிக்கும் அறுகோண டைல்ஸ் மாதிரி. சிறுநீரில் அப்படி ஆறு பக்கத் தகடு தெரிந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அது சிஸ்டைன்தான். ஐந்து நிமிட வேலை, நாலு ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தது. அன்றிலிருந்து முப்பது வயதுக்குள் கல்லோடு யார் வந்தாலும் கல்லைச் சோதனைக்கு அனுப்பாமல் விடுவதில்லை.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். நம் உடம்பின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அதில் இரண்டில் மட்டும்தான் கந்தகம் உண்டு: மெத்தியோனின், சிஸ்டீன். மெத்தியோனினை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். அதிலிருந்து கந்தகத்தை எடுத்து சிஸ்டீனை உடம்பே செய்துகொள்ளும். சிஸ்டீனின் கந்தகம் ஒரு கொக்கி மாதிரி. இரண்டு சிஸ்டீன் பக்கத்தில் வந்தால் கொக்கியோடு கொக்கி மாட்டி ஒரே மூலக்கூறாகிவிடும். அந்த ஜோடிக்குப் பெயர்தான் சிஸ்டைன். ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் பெயர் வைத்தவர்களை மாணவனாக இருந்தபோது நிறையத் திட்டியிருக்கிறேன். நீங்கள் குழம்ப வேண்டாம்: தனி ஆள் சிஸ்டீன், ஜோடி சிஸ்டைன். தனி ஆள் தண்ணீரில் நன்றாகக் கரைவார். ஜோடிதான் பிரச்சினை.

இந்தக் கொக்கி இல்லையென்றால் நாம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலினின் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது இதே கந்தகப் பிணைப்புதான். தலைமுடி இவ்வளவு உறுதியாக இருப்பதும் இதனால்தான். பார்லரில் முடியை நேராக்கவோ சுருட்டவோ தடவும் மருந்து செய்கிற வேலையே, இந்தக் கொக்கிகளைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுவதுதான். முடி கருகினால் வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் நாற்றம். உங்கள் கல்லை லேசரால் பொடித்தபோதும் அழுகிய முட்டை வாசனை வந்திருக்கலாம். மயக்கத்தில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. மனிதன் முதன்முதலில் கண்டுபிடித்த அமினோ அமிலங்களில் ஒன்று சிஸ்டைன், அதுவும் புரதத்திலிருந்து அல்ல, ஒரு கல்லிலிருந்து. 1810ல் லண்டனில் வில்லியம் ஹைட் வொலாஸ்டன், நார்விச் ஊர் டாக்டர் ஒருவர் கொடுத்த மூத்திரப்பைக் கல்லைச் சோதித்தார். அது அந்த டாக்டரின் சகோதரருக்கு ஐந்து வயதில் எடுத்த கல். பலேடியத்தையும் ரோடியத்தையும் கண்டுபிடித்த மனிதருக்கே அதில் கந்தகம் இருப்பது தெரியாமல் போய்விட்டது. மூத்திரப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. இதே பொருள் புரதத்திலும் இருக்கிறது என்று கொம்பிலிருந்து பிரித்துக் காட்ட 1899 வரை ஆனது. ஆக, உங்கள் கல் வேதியியல் வரலாற்றில் கொஞ்சம் கௌரவமான கல்தான். வலிக்கும்போது இந்த ஆறுதல் உதவாது.

இப்போது கிட்னி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரத்தத்திலிருந்து சிறுநீரகம் முதலில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் வடிகட்டி இறக்கும். அப்புறம் குழாய் வழியாகப் போகும்போது வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சிஸ்டைனைத் திரும்ப எடுக்க அங்கே ஒரு வாசல் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த வாசல் வழியே ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஒரு நாள் சிறுநீரில் 30 மில்லிகிராம்கூடப் போகாது. உங்களுக்கு அந்த வாசலைக் கட்டும் மரபணுவில் பழுது. அதே வாசலில்தான் லைசின், ஆர்னிதின், ஆர்ஜினின் என்று இன்னும் மூன்றும் வரும். அவையும் உங்களுக்கு வீணாகத்தான் போகின்றன. ஆனால் அவை நன்றாகக் கரைபவை, அதனால் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. நாலு பேரில் கரையாத ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

1908ல் ஆர்ச்சிபால்ட் கராட் என்ற ஆங்கில மருத்துவர் பிறவி வளர்சிதைமாற்றக் குறைகள் என்று பேசிய நான்கு நோய்களில் இதுவும் ஒன்று. உடம்பு கந்தகத்தைச் சரியாக எரிக்காததுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1951ல் சார்லஸ் டென்ட் கோளாறு கிட்னியின் வாசலில்தான் என்று காட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கந்தகத்தை ‘ஜீரணிக்க முடியாதவர்’ இல்லை. உங்கள் கல்லீரல், தசை, ரத்தம் எல்லாம் கந்தகத்தை ஒழுங்காகவே கையாளுகின்றன. குழாயில் ஒரே ஒரு கதவு திறக்கமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இணையத்தில் தேடும்போது ‘சிஸ்டினோசிஸ்’, ‘ஹோமோசிஸ்டினூரியா’ என்று கண்ணில் பட்டால் படிக்காமல் நகர்ந்துவிடுங்கள். அவை வேறு நோய்கள். உங்களுடையதன் பெயர் சிஸ்டினூரியா.

அடுத்து உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்த இடம். சாதாரண சிறுநீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் சிஸ்டைன்தான் கரைந்திருக்கும். உங்களுக்கு 880 மில்லிகிராம், 1.6 லிட்டரில். வகுத்தால் லிட்டருக்கு 550. கரையக்கூடியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. சர்க்கரை டப்பாவைக் கால் டம்ளர் காபியில் கவிழ்த்த மாதிரி, அடியில் படியாமல் என்ன செய்யும்? இப்போது 880ஐ 250ஆல் வகுங்கள்: 3.5 லிட்டர். நீங்கள் ஒரு நாளைக்குக் கழிக்க வேண்டிய சிறுநீர் இவ்வளவு. குடிக்க வேண்டியது இல்லை, கழிக்க வேண்டியது. சிவகாசி வெயிலில், பிரஸ்ஸுக்குள் மெஷின் சூட்டில் வேர்வையாகவே ஒரு லிட்டருக்கு மேல் போகும். ஆகவே நாலரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், சித்திரை வைகாசியில் அதற்கும் மேலே.

எல்லா டாக்டரும் “நிறையத் தண்ணீர் குடிங்க” என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது. உங்கள் விஷயத்தில் தண்ணீர்தான் முதல் மருந்து, அதற்கு டோஸும் நேரமும் உண்டு. முக்கியமான டோஸ் ராத்திரி. பகலெல்லாம் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால், காலை ஆறு மணிக்குள் சிறுநீர் கெட்டியாகி, புளித்து, அந்த அறுகோணத் தகடுகள் உருவாக எல்லாம் தயாராக இருக்கும். கல் வளர்வது பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போதுதான். படுக்கும் முன் இரண்டு டம்ளர். நடுராத்திரி ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, போய்விட்டு வந்து, இன்னும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும். 1950களிலேயே அதே டென்ட் தன் நோயாளிகளை இப்படி எழுப்பித்தான் கல்லைக் கட்டுப்படுத்தினார். கஷ்டம்தான், மறுக்கவில்லை. முதல் மாதம் எரிச்சலாக வரும், அப்புறம் அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்காதீர்கள், அதனால் பயனும் இல்லை, ரத்தத்தில் உப்பு குறையும் ஆபத்தும் உண்டு. மணிக்கு ஒரு டம்ளர் என்று பரப்பிக்கொள்ளுங்கள்.

குடிக்கிறீர்களா என்பதை நம்பிக்கையில் விடாமல் அளந்து பாருங்கள். ஒரு அளவு ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எழுந்ததும் போவதை விட்டுவிட்டு, அதன் பிறகு திங்கள் காலை எழுந்ததும் போவது வரை எல்லாவற்றையும் அளந்து கூட்டுங்கள். மூன்றரை வரவில்லையென்றால் அடுத்த வாரம் ஏற்றுங்கள். பிரஸ்ஸில் மெஷினை விட்டு எழுந்து போக முடியாது என்பதால்தான் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மேஸ்திரியிடம் நேராகப் பேசுங்கள். தேவைப்பட்டால் உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது மருந்து, பிஎச். புளிப்பின் அளவு அது; எண் இறங்கினால் புளிப்பு ஏறும். உங்களுக்கு 5.5, அதாவது நல்ல புளிப்பு. இந்தப் புளிப்பில் சிஸ்டைன் மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருக்கும். அப்படிச் சமமாக இருப்பவை தண்ணீரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். பிஎச் ஏழரையை நெருங்கும்போது நேர்மின் பக்கம் புரோட்டானை இழக்க ஆரம்பிக்கும், மூலக்கூறு முழுக்க எதிர்மின்னாகச் சாயும், ஒன்றையொன்று தள்ளும், தண்ணீரில் கரையும். 7.5ல் கரைதிறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குத்தான் பொட்டாசியம் சிட்ரேட் சிரப் தருகிறார்கள். தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள், வெறும் வயிற்றில் எரியும். மெடிக்கலில் பிஎச் ஸ்ட்ரிப் கிடைக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று நனைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். 7க்கும் 7.5க்கும் நடுவில் நின்றால் போதும். இன்னும் நல்லதென்று 8க்கு மேல் ஏற்றினால் கால்சியம் பாஸ்பேட் கல் வரும், ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாகிவிடும். கிட்னி வேலை குறைந்தவர்களும், சில வகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் பொட்டாசியத்தைத் தாங்களாக எடுக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் சிரப் வாங்கப் போய்விடாதீர்கள்.

எலுமிச்சம்பழச் சாறும் இளநீரும் இதே திசையில் கொஞ்சம் உதவும், சிரப்பின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் எலுமிச்சை ஜூஸில் உப்புப் போடாதீர்கள். மோரிலும் வேண்டாம். உப்பு குறைந்தால் சிறுநீரில் போகும் சிஸ்டைனும் குறைகிறது. ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு டீஸ்பூன் உப்பு, அதற்குள் சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீக்கடை மிக்சர் எல்லாம் அடங்க வேண்டும். யாராவது “ஆப்பசோடா கலந்து குடி, புளிப்பு போய்விடும்” என்பார்கள். புளிப்பு போகும், ஆனால் சோடியம் ஏறும். வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்குவது அது.

வாழைத்தண்டு ஜூஸ் பிடித்திருந்தால் குடியுங்கள், அதில் இருக்கும் தண்ணீர் நல்லது. சிஸ்டைனைக் கரைக்கும் வித்தை எதுவும் அதில் இல்லை. நண்பர்கள் பீர் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனிச் சாப்பாடு. வெங்காயம், பூண்டு வாசனைக்குக் காரணமான பொருள்கள் உண்மையிலேயே சிஸ்டீனின் உறவினர்தான். கந்தகம் என்றதும் வீட்டில் அவற்றை நிறுத்தியது அறிவில்லாத காரியம் இல்லை. ஆனால் சாம்பாரில் விழும் நாலு சின்ன வெங்காயத்தின் கந்தகம் உங்கள் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல. திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் சிறுநீரில் வரும் சிஸ்டைனின் ஊற்று மெத்தியோனின், அது அதிகம் வருவது இறைச்சி, மீன், முட்டை, பால்புரதம் ஆகியவற்றில். அதோடு இன்னொரு விஷயம்: உடம்பு இந்த அமினோ அமிலங்களை எரிக்கும்போது கந்தகம் கடைசியில் சல்ஃபேட்டாக முடிகிறது. எளிமையாகச் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் உண்டாகிறது, பேட்டரியில் ஊற்றுவார்களே, அதேதான். கிட்னி அதைச் சிறுநீரில் தள்ளும், சிறுநீர் புளிக்கும். ஆக, இறைச்சி அதிகமானால் சிஸ்டைனும் கூடும், அது கரையும் இடமும் சுருங்கும்.

அதற்காக முழுக்க நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவர் ஒருவருக்குக் கந்தக அமினோ அமிலங்கள் எடைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் தினமும் தேவை. நீங்கள் எடை எழுதவில்லை. 60 கிலோ என்று வைத்தால் 900 மில்லிகிராம். கிட்டத்தட்ட அதே அளவு உங்களுக்குத் தினமும் ஒழுகிப் போகிறது என்பதைப் பாருங்கள். இந்த நிலையில் பட்டினி போட்டால் உடம்பு தன் தசையை உடைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஜிம்முக்குப் போகும் பையனுக்கு இது தேவையா? தினம் ஒரு முட்டை சாப்பிடலாம். கோழியோ ஆடோ மீனோ வாரம் இரண்டு நாள், அதுவும் ஒரு வேளை, கையளவு. மற்ற நாளெல்லாம் பருப்பு, சுண்டல், தயிர். பருப்பில் மெத்தியோனின் குறைவு என்பது சத்துணவுப் புத்தகங்களில் எப்போதும் ஒரு குறையாகவே எழுதப்பட்டிருக்கும்; உங்களுக்கு அதுவே வசதி. அரிசியோடு சேர்த்துச் சாப்பிடுவதால் பற்றாக்குறையும் வராது. இட்லிப் பொடியில் எள் இருக்கிறதே, அதில் மெத்தியோனின் அதிகமாச்சே என்று இன்னொரு நண்பன் வந்து சொன்னால், ஒரு ஸ்பூன் பொடிக்கு நான் பொறுப்பு என்று சொல்லுங்கள்.

புரோட்டீன் பவுடரை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் தயக்கமே இல்லை. பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தின் பெருமையே அதில் சிஸ்டீன் நிறைய உண்டு என்பதுதான். டப்பாவின் மேல் அதைச் சிறப்பாக அச்சடித்திருப்பார்கள். யார் கண்டது, உங்கள் பிரஸ்ஸிலேயே அந்த லேபிள் ஓடியிருக்கும்.

முடி கொட்டாது. மேலே சொன்ன அளவில் சாப்பிட்டால் தலைமுடிக்கு வேண்டிய கந்தகம் தாராளமாகக் கிடைக்கும். வாசல் பழுதானது குழாயில்தான், முடியின் வேரில் இல்லை. உங்கள் அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு உங்கள் தலையைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

அந்த மாத்திரை விஷயம். உங்களுக்குச் சொன்னது டி-பெனிசிலமினாக இருக்க வேண்டும். பெனிசிலின் உடையும்போது கிடைத்த பொருள், அதனால் அந்தப் பெயர். உண்மையில் அதுவும் ஒரு கந்தக அமினோ அமிலம்தான். சிஸ்டீனில் மெத்தில் என்ற சின்ன அணுக்கூட்டம் இரண்டு கூடுதலாக ஒட்டியிருக்கும். அதற்கும் அதே கொக்கி உண்டு. சிஸ்டைன் ஜோடியிடம் போய் ஒருவரை விடுவித்து, தான் இன்னொருவரோடு மாட்டிக்கொள்ளும். இந்தக் கலப்பு ஜோடி சிஸ்டைனைவிடச் சுமார் ஐம்பது மடங்கு கரையக்கூடியது. கந்தகத்தால் வந்ததைக் கந்தகத்தாலேயே எடுப்பது. 1963லிருந்து சிஸ்டைன் கல்லுக்குப் பயன்படுகிறது. டையோப்ரோனின் என்று இதே வேலை செய்யும் இன்னொரு மருந்தும் உண்டு, அதில் தொந்தரவு சற்றுக் குறைவு.

பக்கவிளைவு என்று உங்களைப் பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை. தோலில் தடிப்பு, வாயில் ருசி போவது, சிறுநீரில் புரதம் ஒழுகுவது, வெள்ளணுவும் தட்டணுவும் குறைவது எல்லாம் வரும். வைட்டமின் பி6ஐயும் இது கட்டிப்போடும். அதனால் கூடவே அந்த மாத்திரையும் தருவார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தமும் யூரினும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வழக்கம் இது: தண்ணீர், சிட்ரேட், உப்பு மூன்றையும் ஒழுங்காக மூன்று மாதம் செய்து, திரும்ப 24 மணி யூரின் எடுத்து, லிட்டருக்கு 250க்குக் கீழே வந்துவிட்டால் மாத்திரை வேண்டாம். வராவிட்டால், அல்லது வந்தும் புதுக் கல் முளைத்தால், மாத்திரை வேண்டும். அப்போது பயந்து தள்ளிப்போடக் கூடாது. பலர் மாத்திரை இருக்கிறதே என்று தண்ணீரை விட்டுவிடுவார்கள். 880 மில்லிகிராமுக்கு முதலில் தண்ணீரைத்தான் நான் நம்புவேன்.

ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எக்ஸ்ரேயில் இந்தக் கல் மங்கலாக, தேய்த்த கண்ணாடி மாதிரிதான் தெரியும், சில சமயம் தப்பிவிடும். வெளியிலிருந்து அதிர்ச்சி அலை கொடுத்து உடைக்கும் சிகிச்சைக்கும் இது லேசில் மசியாது, அடுத்த முறை யாராவது அதைச் சொன்னால் உங்கள் கல் எந்த வகை என்று முதலில் சொல்லிவிடுங்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது, ராத்திரி ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

கடைசியாக நீங்கள் கேட்டது, எனக்குத் தெரியும் அதுதான் கடிதத்தின் உண்மையான கேள்வி. ஆமாம், பரம்பரைதான். பழுதான மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சுமந்துகொண்டிருப்பார். உங்கள் அப்பா அம்மா இருவரும் சுமப்பவர்கள். தாய்மாமன், அக்கா மகள் உறவில் இருவரிடமும் ஒரே பழுது வந்து சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். அது யார் குற்றமும் இல்லை, அம்மாவிடம் இதை ஒரு பழியாகப் பேச யாரையும் விடாதீர்கள்.

அத்தை மகள் கணக்கு இப்படி. அப்பா சுமக்கிறார் என்றால் அவர் கூடப்பிறந்த அத்தை சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் மகள் சுமக்க நான்கில் ஒன்று. அவள் சுமப்பவளாக இருந்து உங்களுக்குக் குழந்தை பிறந்தால், பாதிக்குப் பாதி அந்தக் குழந்தைக்கு நோய். ஆக மொத்தம் ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டில் ஒன்று. உலகச் சராசரியாக ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்கிறார்கள். அந்தக் கணக்கில், உறவில்லாத பெண்ணாக இருந்தால் எண்பதில் ஒன்று. எட்டுக்கும் எண்பதுக்கும் உள்ள தூரத்தை நான் சொல்லிவிட்டேன். கட்டாதே என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது, உயிரைப் பறிக்கும் நோயும் இல்லை இது. ஆனால் பேச்சு நிச்சயதார்த்தம் வரை போகும் முன்னால் உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம். எந்த மரபணு என்று முதலில் உங்களிடம் கண்டுபிடித்தால், அவளிடம் அதை மட்டும் தேடினால் போதும். அத்தையிடம் நீங்களே போய்ப் பேசுவதைவிட அப்பாவை அனுப்புங்கள். அவளிடம் மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

அதைவிட அவசரம் அக்காவும் தம்பியும். இருவருக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு, கல் இன்னும் வராமல் இருக்கலாம். கல்லையே பார்க்காமல் கதையை முடிக்க முடிகிற ஒரே இடம் அதுதான். இந்த வாரமே ஒருநாள் காலையில் எழுந்ததும் பிடித்த யூரினைச் சூடாறும் முன் லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பில் அறுகோணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, சிஸ்டைன் அளவும் எடுக்கச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தைப் பேறு பற்றிய யோசனை இருந்தால், டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது.

உங்கள் பழைய இரண்டு கல்லும் எங்காவது டப்பாவில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேன் நிறத்தில், மெழுகு தடவிய மாதிரி இருக்கும். அதில் ஒன்றையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் 24 மணி ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்புங்கள், எடையையும் மறக்காமல் எழுதுங்கள்.